உலோகம் எங்கே போச்சு?

கன உலோகங்களும் பசுமைக் கரைப்பான்களும்: வில்லியனூர், பாகூர் மக்களுக்கு ஒரு எளிய பாடம்

குழாயில் பிடித்த தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கு. நிறம் இல்லை, வாடை இல்லை. அப்போ அது நல்ல தண்ணீர்தானே? பெரும்பாலும் ஆமாம். ஆனால் காரீயம், காட்மியம், ஆர்செனிக் போன்ற பொருள்கள் கலந்திருந்தாலும் தண்ணீர் அதே மாதிரிதான் தெளிவாக இருக்கும். கண், மூக்கு, நாக்கு மூன்றுமே இதைக் கண்டுபிடிக்காது.

புதுச்சேரி பகுதியின் குடிநீர் பெரும்பாலும் நிலத்தடியிலிருந்துதான் வருகிறது. 2021-ஆம் ஆண்டிலேயே நமது கிராமப்புற வீடுகளுக்கெல்லாம் குழாய் இணைப்பு கொடுக்கப்பட்டுவிட்டது. அதனால் இப்போது கேட்க வேண்டிய கேள்வி, "தண்ணீர் வருதா?" என்பது மட்டும் அல்ல. "வர்ற தண்ணியில என்ன இருக்கு?" என்பதும்தான்.

தண்ணீரிலிருந்து உலோகத்தைப் பிரிக்க உலகம் முழுவதும் புதுப்புது வழிகளைத் தேடுகிறார்கள். அவற்றில் ஒன்றுதான் 'பசுமைக் கரைப்பான்கள்'. அது என்ன, எங்கே உதவும், நம் வீட்டுத் தண்ணீருக்கு நாம் என்ன செய்யலாம் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். படிக்கும்போது ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உலோகம் அழியாது. கிருமியைக் கொல்லலாம், குப்பையை மக்கவிடலாம், ஆனால் காரீயத்தை இல்லாமல் ஆக்க முடியாது. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றத்தான் முடியும். எந்தச் சுத்திகரிப்பு முறையைப் பற்றிக் கேட்டாலும், "எடுத்த உலோகம் எங்கே போச்சு?" என்று கேளுங்கள். பாதி உண்மை அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

கன உலோகம் என்றால் எது?

காரீயம், காட்மியம், குரோமியம், பாதரசம், நிக்கல் ஆகியவற்றைப் பொதுவாகக் கன உலோகங்கள் என்கிறோம். ஆர்செனிக் முழு உலோகம் அல்ல. ஆனாலும் அதன் நச்சுத்தன்மைக்காக இதே பட்டியலில் சேர்த்துப் பேசுவது வழக்கம்.

இவை ஒரே நாளில் வயிற்றுப்போக்கை உண்டாக்குவதில்லை. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்கின்றன. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். ஆர்செனிக்கால் தோல் நோயும் புற்றுநோயும் வரலாம்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். நம் வீட்டில் 'ஈயச் சொம்பு' ரசம் வைப்போம், பித்தளைப் பாத்திரத்துக்கு 'ஈயம் பூசுவோம்'. அந்த ஈயம் வெள்ளீயம். வேதியியலில் அது வேறு தனிமம். நச்சு என்று சொல்லப்படுவது காரீயம். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து விற்கும்போதுதான். ரசத்தில் இருக்கும் புளி அந்தக் காரீயத்தைக் கரைத்து உணவுக்குள் இழுத்துவிடும். ஈயச் சொம்பு வாங்கும்போது, காரீயம் கலக்காத சுத்தமான வெள்ளீயம்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

எங்கிருந்து வருது?

நான்கு வழிகளை முக்கியமாகச் சொல்லலாம்.

• நிலத்தடிப் பாறை: ஆர்செனிக் போன்றவை சில இடங்களில் இயற்கையாகவே பாறையிலிருந்து தண்ணீரில் கரைந்து வரும். இதற்கு யாரும் குற்றவாளி இல்லை.

• தொழிற்சாலைக் கழிவுநீர்: முலாம் பூசுதல், தோல் பதனிடுதல், பேட்டரி, சாயம், ரசாயனம் சார்ந்த வேலைகள். வில்லியனூர் கொம்யூனில் சேதராப்பட்டும் பாகூர் கொம்யூனில் கிருமாம்பாக்கமும் தொழிற்பேட்டை உள்ள ஊர்கள். தொழிற்பேட்டை இருந்தாலே தண்ணீர் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. அங்கே கிணறு வைத்திருப்பவர்கள் ஒருமுறை பரிசோதித்துப் பார்ப்பது நல்லது என்பதுதான் அர்த்தம்.

• பழைய பேட்டரி, பெயின்ட், மின்னணுக் குப்பை: இன்வெர்ட்டர் பேட்டரியை உடைத்து உள்ளே இருக்கும் காரீயத்தை எடுக்கும் இடங்களில் மண்ணே கெட்டுப்போகும். மழை பெய்தால் அது கீழே இறங்கும்.

• வீட்டுக் குழாய்: பி.வி.சி. குழாய்கள் வெயிலிலும் சூட்டிலும் கெடாமல் இருக்கக் காரீயச் சேர்மங்களைச் சேர்க்கும் வழக்கம் இருந்தது. இதை நிறுத்துவதற்காக 2021-ல் மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டது. பழைய பித்தளைக் குழாய்த் திருகுகளிலும் காரீயம் இருக்கலாம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையை ஒட்டி தென்பெண்ணையிலும் சங்கராபரணியிலும் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். அப்படி வெள்ளம் சூழ்ந்த கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் தண்ணீர் வடிந்த பிறகு பரிசோதிக்காமல் குடிக்கப் பயன்படுத்தக் கூடாது. வெள்ளத்தோடு முதலில் வருவது கிருமி. ஆனால் பட்டறை, குப்பைமேடு வழியாக ஓடிவந்த தண்ணீரில் மற்றவையும் இருக்கலாம்.

காய்ச்சிக் குடித்தால் போகாதா?

போகாது. காய்ச்சினால் கிருமி சாகும். தண்ணீர் ஆவியாகும், உலோகம் பாத்திரத்திலேயே தங்கும். அதாவது, இருக்கும் தண்ணீரில் அதன் அடர்த்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டினாலும் போகாது, ஏனென்றால் அது கரைந்திருக்கிறது. புற ஊதா விளக்கு கிருமிக்கு மட்டும்தான். சாதாரண கார்பன் ஃபில்டர் குளோரின் வாடையை எடுக்கும், கன உலோகத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

அப்போ எதுதான் எடுக்கும்? உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பொருள் வேண்டும். அது திடப்பொருளாகவும் இருக்கலாம், திரவமாகவும் இருக்கலாம். திரவமாக இருந்தால் அதுதான் நம் பாடத்தின் கதாநாயகன்: கரைப்பான்.

புளி சொல்லும் பாடம்

கறுத்துப்போன பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறோம். விளக்கு பளபளக்கிறது. அந்தக் கறுப்பு எங்கே போனது? புளியில் உள்ள டார்டாரிக் அமிலம், செம்பு சேர்ந்த அந்தப் படலத்தைப் பிடித்துக் கரைத்து எடுத்துக்கொண்டது. கழுவி ஊற்றிய புளித்தண்ணீரில் இப்போது செம்பு இருக்கிறது. இதுதான் கரைப்பான் செய்யும் வேலை: ஓரிடத்தில் உள்ளதைத் தன்னிடம் இழுத்துக்கொள்வது.

தொழிற்சாலைகளில் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள். தண்ணீரோடு கலக்காத, எண்ணெய் மாதிரியான ஒரு கரைப்பானைக் கழிவுநீரில் ஊற்றி நன்றாகக் கலக்குவார்கள். பிறகு அசையாமல் விட்டால், சாம்பாரில் எண்ணெய் மிதக்கிற மாதிரி இரண்டும் தனித்தனி அடுக்காகப் பிரியும். உலோகம் கரைப்பான் அடுக்குக்குப் போயிருக்கும். நமக்குப் பக்கத்தில் கல்பாக்கம் அணுசக்தி நிலையங்களில், பயன்படுத்திய எரிபொருளிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரிக்கக் கரைப்பான் முறையைத்தான் கையாள்கிறார்கள்.

முறை பழசுதான். சிக்கல் கரைப்பானில் இருக்கிறது. வழக்கமாகப் பயன்படும் மண்ணெண்ணெய் வகைகள், டொலுயீன், குளோரோஃபார்ம் போன்றவை எளிதில் ஆவியாகும். சில தீப்பிடிக்கும், சில சுவாசித்தால் கெடுதல். தண்ணீரைச் சுத்தம் பண்ணப் போய்க் காற்றைக் கெடுத்த கதையாகிவிடும். 1998-ல் பால் அனஸ்தாஸ், ஜான் வார்னர் என்ற இரு வேதியியலாளர்கள் 'பசுமை வேதியியலின் 12 கோட்பாடுகள்' என்று ஒரு பட்டியல் தந்தார்கள். கரைப்பான்களை முடிந்தவரை தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் தீங்கில்லாததைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதில் 5-வது கோட்பாடு.

ஓம உப்பும் புதினா உப்பும்

நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு, புதினா உப்பு என்று இரண்டு கிடைக்கும். இரண்டும் வெள்ளைப் படிகங்கள். ஓம உப்பு என்பது தைமால், புதினா உப்பு என்பது மென்தால். ஓம உப்பு உருக ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் வேண்டும், புதினா உப்புக்கு ஏறத்தாழ 42 டிகிரி. ஆனால் இரண்டையும் ஒரு கண்ணாடிக் குப்பியில் சேர்த்துக் குலுக்கினால், அடுப்பே இல்லாமல் திரவமாகிவிடும். இதோடு கற்பூரத்தையும் சேர்த்துச் செய்வதுதான் பல வீடுகளில் தலைவலிக்குத் தடவும் தைலம். வடக்கே இதை 'அமிர்த தாரா' என்பார்கள்.

இரண்டு திடப்பொருள்கள் சேர்ந்தால் ஏன் திரவமாகின்றன? தனித்தனியாக இருக்கும்போது ஒவ்வொன்றின் மூலக்கூறுகளும் ஒழுங்காக வரிசைகட்டி நிற்கும். கலந்தவுடன் ஒன்று மற்றொன்றின் கையைப் பிடித்துக்கொள்கிறது, வரிசை குலைகிறது, படிகம் உருகுகிறது. இப்படிப்பட்ட கலவைகளுக்கு 'டீப் யூடெக்டிக்' கரைப்பான்கள் என்று பெயர். நாம் எளிதாக 'தாழ் உருகுநிலைக் கலவை' என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்தத் துறை வேகம் பிடித்தது 2003-ல். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ அபாட் குழுவினர் கோழித் தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடையும் நம் வயலில் போடும் யூரியாவையும் கலந்தார்கள். முதலாவது உருக 302 டிகிரி வேண்டும், யூரியாவுக்கு 133 டிகிரி. ஒரு பங்குக்கு இரண்டு பங்கு என்ற மூலக்கூறு விகிதத்தில் கலந்தபோது 12 டிகிரியிலேயே அது திரவமாக இருந்தது.

ஆனால் அந்தக் கலவை தண்ணீரில் கரைந்துவிடும். தண்ணீரிலிருந்து உலோகத்தை இழுக்க, தண்ணீரோடு ஒட்டாத கலவை வேண்டும். 2015-ல் நெதர்லாந்து, போர்ச்சுகல் நாடுகளின் ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட கலவைகளை வெளியிட்டார்கள். 2016-ல் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு ஒன்று, டெக்கனாயிக் அமிலத்தையும் லிடோகெயினையும் கலந்து, கோபால்ட் முதலிய உலோகங்களைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் காட்டியது. டெக்கனாயிக் அமிலம் நம் தேங்காய் எண்ணெயில் சிறிதளவு இருக்கும் கொழுப்பு அமிலம். லிடோகெயின் பல் டாக்டர் மரத்துப்போகப் போடும் ஊசி மருந்து.

எப்படி வேலை செய்யுது? படிப்படியாக

1. கழிவுநீரையும் கரைப்பானையும் ஒரு தொட்டியில் கலக்குகிறார்கள். கொழுப்பு அமிலத்துக்கு ஒரு தலை, ஒரு வால் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தலை உலோகத்தைப் பிடிக்கும். வால் எண்ணெய்த்தன்மை உள்ளது, தண்ணீரை விரும்பாது.

2. கலக்குவதை நிறுத்தி, படியவிடுகிறார்கள். இரண்டு அடுக்காகப் பிரியும். உலோகம் கரைப்பான் அடுக்கில் இருக்கும்.

3. தண்ணீர் அடுக்கைத் தனியே எடுத்து, மிச்சம் என்ன இருக்கிறது என்று பரிசோதிக்கிறார்கள்.

4. கரைப்பானை வேறொரு கரைசலால் கழுவி, உலோகத்தை அதிலிருந்து பிரிக்கிறார்கள்.

5. கரைப்பான் மறுபடி 1-வது படிக்குப் போகிறது. உலோகம் செறிவான கரைசலாகக் கையில் இருக்கிறது. அதை மீட்டு மீண்டும் தொழிலுக்குப் பயன்படுத்தலாம்.

4-வது, 5-வது படிகளைக் கவனியுங்கள். "உலோகம் எங்கே போச்சு?" என்ற கேள்விக்கு இங்கே நேரான பதில் இருக்கிறது. வழக்கமான முறையில் கழிவுநீரில் சுண்ணாம்பைப் போட்டு உலோகங்களைச் சேறாகப் படியவைப்பார்கள். அது மலிவான, நன்கு பழகிய முறை. ஆனால் எல்லா உலோகமும் கலந்த சேறு மலைபோலச் சேரும், அதைப் பாதுகாப்பாக வைக்க இடம் வேண்டும். உலோகத்தைத் தனியாக மீட்டெடுத்தால் சேறு குறையும், உலோகத்துக்கு விலையும் கிடைக்கும்.

'பசுமை' என்று பெயர் இருந்தால் போதுமா?

போதாது. எத்திலீன் கிளைக்காலைச் சேர்த்துச் செய்யும் தாழ் உருகுநிலைக் கலவையும் உண்டு. எத்திலீன் கிளைக்கால் விஷம். 'அயனித் திரவங்கள்' என்ற இன்னொரு வகைக் கரைப்பான் ஆவியாகாது என்பதால் பசுமை என்று பெயர் வாங்கியது. அவற்றில் சில, மீன்களுக்கும் பாசிகளுக்கும் நச்சானவை என்று பிறகு தெரிந்தது. ஒரு கரைப்பான் உண்மையிலேயே பசுமைதானா என்று தெரிய நான்கு கேள்விகள் போதும்:

• எதிலிருந்து தயாரிக்கப்படுகிறது?
• தண்ணீரில் கொஞ்சமாவது கரைந்து தங்குமா?
• எத்தனை முறை திரும்பப் பயன்படுத்தலாம்?
• வெளியே சிந்தினால் மண்ணில் மக்குமா?

இரண்டாவது கேள்விதான் இந்த முறையின் பலவீனம். தண்ணீரோடு ஒட்டாது என்று சொன்னாலும், ஒரு துளியாவது தண்ணீரில் தங்கும். அதனால் இது தொழிற்சாலைக் கழிவுநீருக்கான வழி, அதுவும் பெரும்பாலும் ஆய்வகத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கும் வழி. குடிக்கிற தண்ணீருக்கானது அல்ல. ஓம உப்பு, கற்பூரத் தைலத்தைக் குடத்தில் ஊற்றினால் உலோகம் போய்விடும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள், மற்றவர்களுக்கு அனுப்பவும் செய்யாதீர்கள். மென்தாலும் தைமாலும் மட்டும் உலோகத்தை வலுவாகப் பிடிக்காது. அந்தத் தைலத்தைக் குடித்தால் உடம்புக்குத்தான் கேடு.

குடிநீருக்கு வேறு வழி: சென்னையிலிருந்து ஒரு உதாரணம்

குடிநீரில் உலோகத்தைப் பிடிக்கத் திடப்பொருளே ஏற்றது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தலப்பில் பிரதீப் குழுவினர் உருவாக்கிய 'அம்ரித்' என்ற தொழில்நுட்பம் ஆர்செனிக்கை நீக்குவதற்கானது. இரும்பின் ஆக்சி ஹைட்ராக்சைடு நுண்துகள்களை கைட்டோசான் என்ற இயற்கைப் பொருளுக்குள் பொதிந்து வைக்கிறார்கள். கைட்டோசான் இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைப்பது. ஆர்செனிக் கலந்த தண்ணீர் இந்த மணிகளின் வழியாகப் போகும்போது ஆர்செனிக் அதில் ஒட்டிக்கொள்ளும். இந்த மணிகளைத் தயாரிக்கும்போது பயன்படும் கரைப்பான் வெறும் தண்ணீர்தான். அதைவிடப் பசுமையான கரைப்பான் ஏது? ஆர்செனிக் பிரச்சினை கடுமையாக உள்ள மேற்கு வங்கம் போன்ற இடங்களில் இது பயன்பாட்டில் இருக்கிறது. பேராசிரியர் பிரதீப் 2020-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இங்கேயும் அதே கேள்வியைக் கேட்கலாம். ஆர்செனிக் அந்த மணிகளில் இருக்கிறது. மணிகள் நிறைந்த பிறகு அவற்றை வாய்க்காலில் கொட்டாமல், முறைப்படி அகற்ற வேண்டும்.

அந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால்?

ராணிப்பேட்டையைப் பாருங்கள். அங்கே தோல் பதனிடுவதற்கான குரோமியம் உப்புகளைத் தயாரித்த தொழிற்சாலை ஒன்று 1970-களில் தொடங்கி 1990-களில் மூடப்பட்டது. உற்பத்தி நின்றது. ஆனால் லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு அங்கேயே குவியலாகக் கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் அதிலிருந்து மஞ்சள் நிறத் தண்ணீர் கசிந்து நிலத்தடிக்குப் போனது. அந்த மஞ்சளுக்குக் காரணம் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், புற்றுநோயை உண்டாக்கும் வகை. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகில் மிகவும் மாசடைந்த 10 இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. தொழிற்சாலை ஓடிய ஆண்டுகளைவிட அதன் கழிவு கிடந்த ஆண்டுகள் அதிகம். உலோகத்தை வரும்போதே பிடிப்பது, பிறகு மண்ணிலிருந்து எடுப்பதைவிட எத்தனையோ மடங்கு எளிது.

டி.டி.எஸ். மீட்டரை நம்பலாமா?

இப்போது நம் வாசலுக்கு வருவோம். ஆர்.ஓ. இயந்திரம் விற்க வருபவர் ஒரு சிறிய மீட்டரைத் தண்ணீரில் வைத்து, "800 காட்டுது பாருங்க, அவ்வளவும் விஷம்" என்பார். அது விஷத்தின் அளவு அல்ல. தண்ணீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளின் தோராய அளவு. கடலோரத்தை ஒட்டிய பாகூர் பகுதிக் கிணறுகளில் உப்புத்தன்மையால் மட்டுமே இந்த எண் கூடலாம்.

கணக்கைப் பாருங்கள். குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. 1,000 லிட்டர் மொட்டைமாடித் தொட்டியில் அது அரை கிலோ. காரீயத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதே தொட்டியில் அது 10 மில்லிகிராம், சுமார் அரை அரிசியின் எடை. அரை கிலோ உப்புக்கு நடுவே அரை அரிசி எடையை அந்த மீட்டரால் பிரித்துக் காட்ட முடியாது. மீட்டர் 100 காட்டினாலும் காரீயம் இருக்கலாம், 1,000 காட்டினாலும் இல்லாமல் இருக்கலாம்.

இன்னொரு வித்தையும் உண்டு. இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். குழாய்த் தண்ணீர் பழுப்பாகிச் சேறு மிதக்கும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே இருக்கும். "இதைத்தான் இத்தனை நாள் குடிச்சீங்க" என்பார்கள். அந்தப் பழுப்பு, இரும்புக் கம்பி கரைந்ததால் வந்தது. உப்பு இருக்கும் தண்ணீரில் மின்சாரம் பாயும், கம்பி கரையும். உப்பு நீக்கிய தண்ணீரில் பாயாது. ஒரு சிட்டிகை உப்பை அந்த ஆர்.ஓ. தண்ணீரில் போட்டுத் திரும்பச் செய்து காட்டச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும்.

ஆர்.ஓ. இயந்திரம் கன உலோகங்களைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் எடுத்தது எங்கே போகிறது? கழிவுநீர்க் குழாய் வழியாக வெளியே. உங்கள் தண்ணீரில் உப்பு மட்டும்தான் பிரச்சினை என்றால், அந்தக் கழிவுநீரில் வீடு துடைக்கலாம். பரிசோதனையில் காரீயமோ ஆர்செனிக்கோ வரம்பு மீறியிருந்தால், அதைக் கீரைப் பாத்திக்கும் மாட்டுத் தொட்டிக்கும் விடாதீர்கள்.

பரிசோதனை: சரியாகச் செய்வது எப்படி?

ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமப் பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சி அளிக்கப்படுகிறது. அமிலகாரத்தன்மை, கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு போன்றவற்றை அதில் பார்க்கலாம். காரீயம், காட்மியம், குரோமியம் அதில் தெரியாது. அதற்கு ஆய்வகக் கருவி வேண்டும். எனவே ஆய்வகத்தில் கொடுக்கும்போது, "கன உலோகமும் பார்க்கணும்" என்று தனியாகச் சொல்லுங்கள். எங்கே, என்ன கட்டணம் என்பதைப் பொதுப்பணித்துறையின் பொது சுகாதாரக் கோட்டத்திலோ உங்கள் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மாதிரி எடுக்கும்போது:

• ஆய்வகம் தரும் பாட்டிலையே பயன்படுத்துங்கள். உலோகப் பரிசோதனைக்கான பாட்டிலில் அமிலம் சேர்த்திருக்கலாம், அதைக் கழுவாதீர்கள்.
• வீட்டுக் குழாயில் சந்தேகம் என்றால், இரவு முழுக்கத் தேங்கிய தண்ணீரைக் காலையில் முதல் வேலையாகப் பிடியுங்கள். கிணற்றில் சந்தேகம் என்றால், மோட்டார் சில நிமிடம் ஓடிய பிறகு பிடியுங்கள். இரண்டையும் கொடுத்தால், பிரச்சினை குழாயிலா, கிணற்றிலா என்று தெரியும்.
• இடம், தேதி, நேரம், கிணற்றின் ஆழம் எழுதி ஒட்டுங்கள். செல்போனில் இருப்பிடத்தோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கை வந்ததும் பார்க்க வேண்டிய இந்தியத் தர நிர்ணய வரம்புகள் (ஐ.எஸ். 10500:2012, திருத்தங்களுடன்), லிட்டருக்கு மில்லிகிராமில்:

காரீயம்: 0.01
ஆர்செனிக்: 0.01
காட்மியம்: 0.003
மொத்தக் குரோமியம்: 0.05
பாதரசம்: 0.001
நிக்கல்: 0.02
இரும்பு: 1.0

இரண்டு இடத்தில் கவனம் தேவை. ஒன்று, அலகு. சில ஆய்வகங்கள் மைக்ரோகிராமில் எழுதும். காரீயம் 10 மைக்ரோகிராம் என்பதும் 0.01 மில்லிகிராம் என்பதும் ஒன்றுதான். இரண்டு, 'பி.டி.எல்.' என்ற குறிப்பு. 'எங்கள் கருவி கண்டறியும் அளவுக்குக் கீழே' என்று அதற்கு அர்த்தம். அந்தக் கருவி 0.05-க்குக் கீழே பார்க்க முடியாதது என்றால், 0.04 காரீயம் இருந்தாலும் 'பி.டி.எல்.' என்றுதான் வரும். அது வரம்பைப்போல் நான்கு மடங்கு! "உங்க கருவி குறைஞ்சது எவ்வளவு வரைக்கும் பார்க்கும்?" என்று கேளுங்கள்.

இரும்பையும் கவனித்தீர்களா? செம்பழுப்பாக வரும் தண்ணீரைக் கண்டு பயப்படுகிறோம். துணி கறைபடும், சுவை மாறும், ஆனால் அது காரீயம் போன்ற நச்சு அல்ல. பயப்பட வேண்டியதற்குப் பெரும்பாலும் நிறமே இருக்காது.

முறையிட வேண்டுமென்றால்

கழிவுநீர் வாய்க்காலிலோ ஏரிக்கு வரும் ஓடையிலோ கலப்பதைப் பார்த்தால், தொடாதீர்கள். இடம், நேரத்தோடு படம் எடுத்து, புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். நீங்களே பாட்டிலில் பிடித்துக் கொடுப்பது தகவலாக உதவும். ஆனால் சட்ட நடவடிக்கைக்கு, 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி அதிகாரிகள் எடுக்கும் மாதிரிதான் செல்லும். அதனால் சீக்கிரம் தெரிவிப்பது முக்கியம்.

உங்கள் ஊர்க் குடிநீரின் பரிசோதனை அறிக்கையை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மனு செய்யலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

இன்றே செய்யக்கூடியவை

• குடிநீர்க் குழாய் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் 'ஈயம் இல்லாதது' என்ற குறிப்பையும் பாருங்கள்.
• பழைய குழாய் என்றால், காலையில் முதல் இரண்டு நிமிடத் தண்ணீரைக் குடிக்காமல் துணி, தரை கழுவப் பயன்படுத்துங்கள்.
• பழைய இன்வெர்ட்டர், வண்டி பேட்டரியைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். உடைத்து விற்பவரிடம் கொடுக்காதீர்கள்.
• பரிசோதனை செய்த பிறகே சுத்திகரிப்பு இயந்திரம் வாங்குங்கள். என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் இயந்திரம், நோய் தெரியாமல் வாங்கும் மருந்து மாதிரி.

ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் பறவைகளுக்கும் வயலுக்கும் மட்டும் அல்ல, நம் நிலத்தடி நீருக்கும் ஊற்றுக்கண். அங்கே போய்ச் சேர்ந்த உலோகத்தை எந்தக் கரைப்பானும் எளிதில் திரும்ப எடுக்காது. அது அங்கே போகாமல் தடுக்கும் வேலை உங்கள் கையில் இருக்கும் பேட்டரியிலும், நீங்கள் கொடுக்கும் ஒரு புகாரிலும் தொடங்குகிறது.